ஈஸ்டர் இரவில் கோயிலுக்குள் என்ன நடக்கிறது? உயிர்ப்பு, புதுப்பித்தல் பற்றி ஒரு விளக்கம்

ஈஸ்டர் வந்தால் செய்திகளில் வருடா வருடம் ஏறக்குறைய ஒரே வரிதான்: சிலுவையில் மரித்த இயேசு மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்ததை நினைவுகூர்ந்து தேவாலயங்களில் சிறப்புப் பிரார்த்தனை நடந்தது, திரளானோர் கலந்துகொண்டனர். கூடவே மெழுகுவர்த்தி ஏந்திய கூட்டத்தின் படம் ஒன்று. தப்பு ஒன்றும் இல்லை, ஆனால் பாதி விஷயம்தான் அதில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை இறந்தவர் ஞாயிறு எழுந்தால் அது எப்படி மூன்று நாள்? தேதி ஏன் வருடத்துக்கு வருடம் மாறுகிறது? நடுராத்திரியில் கோயில் வாசலில் நெருப்பு எதற்கு? எப்போதோ கைக்குழந்தையாக இருக்கும்போதே திருமுழுக்கு (ஞானஸ்நானம்) வாங்கிவிட்டவர்களை எழுந்து நிற்கவைத்து, "சாத்தானை விட்டுவிடுகிறீர்களா?" என்று சாமியார் ஏன் மறுபடியும் கேட்கிறார்?

காந்தி ஜெயந்தி மாதிரி இதையும் ஒரு நினைவு நாள் என்று எடுத்துக்கொண்டு பார்த்தால் அந்த இரவில் நடக்கும் எதுவுமே புரியாது. வந்திருப்பவர்களை அந்த நிகழ்ச்சிக்குள் இழுத்துக்கொள்வதற்காகவே அமைக்கப்பட்ட வழிபாடு அது. அதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

உயிர்த்தெழுதல் என்று எதைச் சொல்கிறார்கள்?

எதையெல்லாம் சொல்லவில்லை என்பதிலிருந்து தொடங்குவது சுலபம்.

1. இறந்தவர் பிழைத்து வருவது அல்ல. யோவான் நற்செய்தியில், இறந்துபோன லாசரு இயேசு கூப்பிட்டதும் கல்லறையிலிருந்து வெளியே வருகிறார், ஆனால் அவர் பழைய வாழ்க்கைக்குத்தான் திரும்புகிறார், பின்னொரு நாள் மறுபடி சாவார். இயேசு அப்படித் திரும்பவில்லை, சாவைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டார் என்பதுதான் கிறிஸ்தவர்களின் நம்பிக்கை.

2. ஆன்மாவுக்கு அழிவில்லை என்ற கொள்கையும் அல்ல. அது கிரேக்கர்களிடமும் இருந்தது, நம் ஊரிலும் இருக்கிறது. ஆன்மா மட்டும் பிழைத்தால் போதும் என்றால் கல்லறை காலியாக இருக்கவேண்டிய அவசியமே இல்லை. உடலும் சேர்ந்து எழுகிறது, ஆனால் வேறு விதமான உடலாக எழுகிறது என்கிறார் அப்போஸ்தலர் பவுல். கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 15ஆம் அதிகாரத்தில் அவர் காட்டும் உதாரணம் மண்ணில் போட்ட விதை.

3. மறுபிறவியும் அல்ல. வேறு கருவில் வேறு ஆளாகப் பிறப்பது இதில் கிடையாது, அதே ஆள்தான்.

இதில் ஒன்றைக் கவனிக்கவேண்டும். இயேசு எழுந்த அந்தக் கணத்தை நான்கு நற்செய்திகளில் ஒன்றுகூட வருணிக்கவில்லை. காலிக் கல்லறை, அதைப் பார்த்த பெண்கள், பிறகு நடந்த சந்திப்புகள், அவ்வளவுதான். மாற்கு நற்செய்தியின் மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகள் 16ஆம் அதிகாரம் 8ஆம் வசனத்தோடு, அந்தப் பெண்கள் பயந்து ஓடியதோடு, நின்றுவிடுகின்றன. படங்களில் நாம் பார்க்கும், ஒளிவெள்ளத்தில் அவர் எழும் காட்சி ஓவியர்களின் கைவண்ணம்.

அப்புறம், இந்தக் கட்டுரைக்கே அச்சாணியான விஷயம். அதே 15ஆம் அதிகாரத்தில் பவுல் இயேசுவை "முதற்பலன்" என்கிறார். அறுவடையில் முதலில் அறுத்து ஆலயத்துக்குக் கொண்டுபோகும் கதிர்தான் முதற்பலன். அது வந்துவிட்டால் மீதி வயலும் அறுப்புக்கு வரப்போகிறது என்று பொருள். அதாவது இயேசு ஒருவருக்கு மட்டும் நடந்து முடிந்துபோன அதிசயமாகப் பவுல் இதைப் பார்க்கவில்லை. அவரில் தொடங்கிவிட்டது, மற்றவர்களும் அதில் சேர்த்தி. எப்படிச் சேர்த்தி என்ற கேள்விக்குத்தான் வழிபாடு பதில் சொல்கிறது.

மூன்று நாள் கணக்கும் மாறும் தேதியும்

நாள் கணக்கு எளிது. அந்தக் கால யூத வழக்கில் ஒரு நாளின் துண்டையும் ஒரு நாளாகவே எண்ணுவார்கள், அதனால் வெள்ளி ஒன்று, சனி இரண்டு, ஞாயிறு மூன்று. அவர்களுக்கு நாள் தொடங்குவது சூரியன் மறையும்போது. சனிக்கிழமை இருட்டியதுமே ஞாயிறு பிறந்துவிடுகிறது, கத்தோலிக்கர்கள் அந்த இரவிலேயே உயிர்ப்பைக் கொண்டாடுவதற்கு இதுதான் அடிப்படை.

தேதி கொஞ்சம் சிக்கல். இயேசு இறந்தது யூதர்களின் பாஸ்கா பண்டிகைச் சமயத்தில், அது நிலவை வைத்துக் கணக்கிடப்படும் பண்டிகை. 2ஆம் நூற்றாண்டில் சின்ன ஆசியாவின் (இன்றைய துருக்கி) சபைகள், பாஸ்கா வரும் நிசான் மாதம் 14ஆம் நாள் எந்தக் கிழமையில் வந்தாலும் அன்றே கொண்டாடின, ரோம் ஞாயிறுதான் என்றது, சண்டை பெரிதாகிச் சபை விலக்கு மிரட்டல் வரை போயிற்று. எல்லோரும் ஒரே ஞாயிறில் கொண்டாடவேண்டும் என்று கி.பி. 325-ல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கம் முடிவு செய்தது. இன்றைய விதி: மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறு. அதனால் மேற்கத்தியக் கணக்கில் ஈஸ்டர் மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையில் எங்கேயும் விழலாம்.

இங்கே 'முழுநிலவு' என்பது வானத்து நிலவு அல்ல, திருச்சபையின் அட்டவணையில் உள்ள நிலவு. 2019-ல் பகலும் இரவும் சமமாகும் நாள் (அட்டவணை இதை மார்ச் 21 என்றே வைத்துக்கொள்கிறது) மார்ச் 20, முழுநிலவோ உலக நேரப்படி மறுநாள் அதிகாலை. வானத்தைப் பார்த்திருந்தால் மார்ச் 24 ஈஸ்டர், அட்டவணைப்படி வந்ததோ ஏப்ரல் 21.

கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகளில் பெரும்பாலானவை 1582-ல் வந்த கிரெகோரியன் நாள்காட்டித் திருத்தத்தை இதற்கு ஏற்கவில்லை, பழைய ஜூலியன் கணக்கிலேயே இருக்கின்றன. 2025-ல் இருவருக்கும் ஏப்ரல் 20 என்று ஒத்துவந்தது. 2026-ல் ஏப்ரல் 5-ம் 12-ம், 2027-ல் மார்ச் 28-ம் மே 2-ம்.

வருடத் திருவிழாவுக்கு முன்பே வந்த ஞாயிறு

உயிர்ப்புக்கு என்று முதலில் வந்த வழிபாடு ஈஸ்டர் இல்லை, ஞாயிற்றுக்கிழமை. வாரம் ஒருமுறை கூடுவது பவுலின் கடிதங்களிலேயே தெரிகிறது. ரோமில் இருந்த கிறிஸ்தவ எழுத்தாளர் யுஸ்தின் சுமார் 155-ல் எழுதும்போது, ஞாயிறன்று ஏன் கூடுகிறோம் என்பதற்கு இரண்டு காரணம் சொல்கிறார்: கடவுள் படைப்பைத் தொடங்கிய நாள் அது, இயேசு உயிர்த்த நாளும் அதுதான். அப்போது ஞாயிறு விடுமுறை கிடையாது. ரோமப் பேரரசில் அதை ஓய்வு நாளாக கான்ஸ்டன்டைன் அறிவித்தது 321-ல்தான். அதுவரை விடியலில் கூடிவிட்டு வேலைக்குப் போனார்கள்.

நிசேயா சங்கத்தின் 20ஆம் விதி ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஈஸ்டருக்குப் பிந்தைய ஐம்பது நாட்களிலும் முழங்காலிட்டு ஜெபிக்கக்கூடாது, நின்றுதான் ஜெபிக்கவேண்டும் என்கிறது. உயிர்த்தவர்கள் நிற்பார்கள் என்பதுதான் அதன் கருத்து. ஞாயிறு பூசையில் யார் அதிக நேரம் முட்டிபோட்டிருக்கிறார்கள் என்பதை வைத்து பக்தியை அளக்கும் நம் ஊர்க்காரர்கள் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள்.

அந்த இரவின் நான்கு பகுதிகள்

கத்தோலிக்கத் திருச்சபையின் 'பாஸ்கா திருவிழிப்பு', அதாவது அந்தச் சனி இரவு வழிபாடு, நான்கு பகுதிகளைக் கொண்டது. சபை சார்ந்த பேதங்கள் இருந்தாலும் இதைப் புரிந்துகொண்டால் மற்றவற்றைப் பிடித்துக்கொள்ளலாம்.

1. ஒளி. கோயில் விளக்குகள் எல்லாம் அணைக்கப்படும். வெளியே புதுத் தீ மூட்டி மந்திரிப்பார்கள். அதிலிருந்து பாஸ்கா திரி ஏற்றப்படும். ஆளுயரத்துக்கு நிற்கும் அந்தத் திரியில் சிலுவை, அதன் மேலும் கீழும் கிரேக்க எழுத்துகளின் முதலும் கடைசியுமான ஆல்ஃபா, ஓமேகா, நான்கு மூலைகளில் அந்த வருடத்தின் நான்கு இலக்கங்கள். 2026 என்றால் 2, 0, 2, 6. எப்போதோ நடந்ததைக் கொண்டாடும் திரியில் நடப்பு வருடத்தைப் பொறிப்பதற்குக் காரணம் இருக்கிறது: கிறிஸ்துவின் நேரம் இந்த வருடத்துக்குள்ளும் வருகிறது. ஐந்து காயங்களுக்காக ஐந்து சாம்பிராணி மணிகளும் பதிக்கப்படும். திரி இருட்டுக்குள் முன்னே போக, மூன்று இடங்களில் நின்று "கிறிஸ்துவின் ஒளி" என்று பாடுவார்கள், இரண்டாவது முறை பாடியதும் மக்கள் தங்கள் கையிலுள்ள திரிகளை அதிலிருந்து ஏற்றிக்கொள்கிறார்கள். பிறகு பாஸ்கா புகழுரை, அந்த இரவைப் புகழும் நீண்ட பாடல்.

2. வாசகங்கள். பழைய ஏற்பாட்டிலிருந்து ஏழு. நேரமில்லை என்றால் குறைக்கலாம், ஆனால் இஸ்ரயேலர் செங்கடலைக் கடக்கும் வாசகத்தை மட்டும் விடவே கூடாது என்பது விதி. தண்ணீர் வழியாகப் போய் அடிமைத்தனத்திலிருந்து வெளியே வருவதுதான் அடுத்து வரும் திருமுழுக்குக்கு மாதிரி. இவை முடிந்ததும் "உன்னதங்களிலே" கீதத்தைப் பாடும்போது பெரிய வியாழனிலிருந்து ஊமையாகக் கிடந்த மணிகள் அத்தனையும் ஒன்றாக ஒலிக்கும். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் முழுக்கப் பாடாமல் வைத்திருந்த அல்லேலூயாவும் நற்செய்திக்கு முன்னால் திரும்பி வரும்.

3. தண்ணீர். புதிதாகச் சேர்பவர்கள் இருந்தால் திருமுழுக்கு. பிறகு எல்லோரும் ஏற்றிய திரியோடு எழுந்து நின்று வாக்குறுதிகளைப் புதுப்பிக்கிறார்கள். சாத்தானையும் அவன் செயல்களையும் விட்டுவிடுகிறீர்களா, தந்தையை, மகனை, தூய ஆவியை நம்புகிறீர்களா என்று கேள்விகள். கேள்வி பன்மையில், பதில் ஒருமையில்: "விட்டுவிடுகிறேன்", "நம்புகிறேன்". ஆயிரம் பேர் சேர்ந்து சொன்னாலும் 'விட்டுவிடுகிறோம்' என்று வராது. முடிந்ததும் தீர்த்தம் தெளிப்பார்கள்.

4. நற்கருணை, அதாவது அப்பமும் இரசமும். புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர்கள் முதல்முறையாக அதில் பங்குபெறுகிறார்கள்.

மொத்தத்துக்கும் சாவி மூன்றாவது பகுதி. ரோமருக்கு எழுதிய கடிதம் 6ஆம் அதிகாரம் அந்த இரவில் கட்டாயம் வாசிக்கப்படும். திருமுழுக்கில் நாம் கிறிஸ்துவோடு சாவுக்குள் புதைக்கப்பட்டோம், அவர் எழுப்பப்பட்டது போல நாமும் புது வாழ்வில் நடக்கவேண்டும் என்கிறது அது. தொட்டியில் இறங்குவது கல்லறைக்குள் போவது, ஏறுவது எழுவது. 4ஆம் நூற்றாண்டில் எருசலேமில் கொடுக்கப்பட்ட உபதேசங்களில் இந்தச் சடங்கு அப்படியே இருக்கிறது. திருமுழுக்குப் பெறுபவர் முதலில் மேற்கே, சூரியன் மறையும் பக்கம், பார்த்து நின்று சாத்தானை நேருக்கு நேர் மறுதலிப்பார். பிறகு கிழக்கே திரும்பி விசுவாசத்தை அறிக்கையிடுவார். பழைய உடையைக் களைந்து தண்ணீரில் மும்முறை மூழ்கி எழுந்து வெள்ளை உடுத்துவார். உள்ளுக்குள் என்ன உணர்ந்தார் என்று யாரும் கேட்கவில்லை. எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்குத் திரும்பினார் என்பதுதான் கேள்வி. கிறிஸ்தவ வழிபாடு 'புதுப்பித்தல்' என்று சொல்லும்போது முதலில் மனதில் வைத்திருப்பது இதைத்தான்.

'புதுப்பித்தல்' பகுதி 1951-ல் வந்தது

இது பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும். அந்த இரவில் எல்லோரும் வாக்குறுதியைப் புதுப்பிக்கும் சடங்கு ஆதித் திருச்சபையிலிருந்து வந்ததல்ல.

பெரியவர்கள் மதம் மாறிவந்த காலத்தில் ஈஸ்டர் இரவுதான் திருமுழுக்குக்கு உரிய பெரிய நேரம். பிறகு கைக்குழந்தைகளுக்குப் பிறந்த சில நாட்களிலேயே திருமுழுக்குக் கொடுப்பது வழக்கமானதும் அந்த இரவில் தொட்டியில் இறங்க ஆள் இல்லாமல் போயிற்று. வழிபாடும் மெல்ல மெல்ல முன்னுக்கு நகர்ந்து சனி மாலைக்கு வந்து, மதியத்துக்கு வந்தது. 16ஆம் நூற்றாண்டில் மதியத்துக்குப் பிறகு பூசை வைப்பது தடைசெய்யப்பட்டதும் சனிக்கிழமை காலைக்கே போய்விட்டது. பட்டப்பகலில் மெழுகுதிரி ஏற்றி, "இதுவே அந்த இரவு" என்று பாஸ்கா புகழுரையைப் பாடிக்கொண்டிருந்தார்கள். அதுவும் ஒரு வருடம் இரண்டு வருடம் இல்லை, நூற்றாண்டுக் கணக்கில். மக்கள் பெரும்பாலும் வரவே இல்லை.

1951-ல் திருத்தந்தை 12ஆம் பயஸ் சோதனை முயற்சியாக இதை இரவுக்கு மீட்டார். 1955-ல் வந்த ஆணையால் 1956 முதல் எல்லோருக்கும் கட்டாயம். அந்த 1951 சீர்திருத்தத்தில்தான், ஏற்கெனவே திருமுழுக்குப் பெற்றவர்களும் அந்தத் தண்ணீரோடு தொடர்புகொள்ள ஒரு வழி வேண்டும் என்று வாக்குறுதிப் புதுப்பித்தல் சேர்க்கப்பட்டது.

என் அபிப்பிராயத்தில் மிக நல்ல சேர்க்கை, ஆனால் நடைமுறையில் வீணாகிறது. பாஸ்கா புகழுரைக்குக் கொடுக்கும் நேரத்தில் பாதியாவது இதற்குக் கொடுக்கவேண்டும். பல பங்குகளில் மணி பன்னிரண்டரையைத் தாண்டியிருக்கும், பிள்ளைகள் தூங்கி விழுவார்கள், ஒரே மூச்சில் ஓட்டிவிடுவார்கள். தீர்த்தம் தன்மேல் படவில்லையே என்று எட்டிப்பார்ப்பதில் இருக்கும் அக்கறை, அதற்கு முன்னால் என்ன கேட்டார்கள், என்ன பதில் சொன்னோம் என்பதில் இருப்பதில்லை.

மற்ற சபைகளில்

1. ஆர்த்தடாக்ஸ். அவர்களின் உயிர்ப்பு ஓவியத்தில் இயேசு தனியாகக் கல்லறையிலிருந்து எழுவதில்லை. பாதாளத்தின் கதவுகளை மிதித்துக்கொண்டு நிற்கிறார், ஆதாமையும் ஏவாளையும் சவப்பெட்டிகளிலிருந்து இழுக்கிறார். 14ஆம் நூற்றாண்டில் இஸ்தான்புல் கோரா ஆலயத்தில் (இப்போது கரியே பள்ளிவாசல்) தீட்டிய சுவரோவியம் இதற்குப் பெயர்போனது. உற்றுப் பார்த்தால் அவர் பிடித்திருப்பது அவர்களின் மணிக்கட்டை, உள்ளங்கையை அல்ல. கையைக் கோத்துக்கொண்டு ஏற அவர்களுக்குத் தெம்பில்லை, இழுப்பவரே எல்லாம் செய்கிறார். பவுல் சொன்ன 'முதற்பலன்' படமானால் இப்படித்தான் இருக்கும்.

2. லுத்தரன். 1529-ல் வந்த சிறிய ஞானோபதேசத்தில் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர், நமக்குள் இருக்கும் பழைய ஆதாம் தினமும் மனந்திரும்புதலில் மூழ்கிச் சாகவேண்டும், புது மனிதன் தினமும் எழவேண்டும் என்கிறார். ஆக, வருடம் ஒருமுறை போதாது, தினசரி வேலை. 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரிகள் வழியாக இந்தப் போதனை தமிழுக்கும் வந்தது.

3. மொரேவியர் (ஒரு புரொட்டஸ்டன்ட் சபை). ஈஸ்டர் விடியற்காலை ஆராதனை பல சபைகளில் இருக்கிறது. அதன் பிரபலமான தொடக்கம் ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில், 1732-ல், கல்லறைத் தோட்டத்தில். தங்கள் சபையில் இறந்தவர்களுக்கு நடுவில் நின்றுகொண்டு சூரியன் உதிப்பதைப் பார்த்தார்கள்.

4. மெதடிஸ்ட், சி.எஸ்.ஐ. மெதடிஸ்ட் இயக்கத்தின் தலைவர் ஜான் வெஸ்லி 1755-ல் லண்டனில் உடன்படிக்கை ஆராதனையை, கடவுளுக்குத் தன்னை ஒப்புக்கொடுப்பதைப் புதுப்பிக்கும் ஆராதனையை, தொடங்கினார். 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) உருவானபோது மெதடிஸ்ட்கள் வழியாக அதுவும் உள்ளே வந்தது. புத்தாண்டுச் சமயத்தில் நம் சி.எஸ்.ஐ. சபைகளில் நடக்கும் உடன்படிக்கை ஆராதனைக்கு மூலம் இதுதான்.

5. பெந்தெகொஸ்தே. குழந்தை ஞானஸ்நானத்தையே ஏற்காததால் புதுப்பிக்க அங்கே ஒன்றும் இல்லை. விசுவாசித்த பிறகு முழுக்கு, அப்புறம் ஆவியின் நிறைவு. புதுப்பித்தல் என்றால் அவர்களுக்கு எழுப்புதல், அதாவது ஆவியால் சபையே புத்துயிர் பெறுவது, அது எப்போது வரும் என்று நாள்காட்டியில் குறித்துவைக்க முடியாது. இந்த மனப்பான்மை தமிழகத்தில் பெந்தெகொஸ்தே சபைகள் வருவதற்கு முன்பே இருந்தது. 1860-ல் திருநெல்வேலிப் பகுதியில் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் முன்னின்ற எழுப்புதல் அதற்குச் சாட்சி.

முதல் நான்கு பேரும் 'ஏற்கெனவே கொடுக்கப்பட்டதை மறுபடி பற்றிக்கொள்' என்கிறார்கள், ஐந்தாமவர் 'இன்னும் வரவேண்டியதைக் கேட்டுப் பெறு' என்கிறார். சபைகளுக்கு இடையே நடக்கும் பாதி விவாதங்கள் இந்த இடத்தில்தான் முட்டிக்கொள்கின்றன.

இதனால் என்ன ஆகிறது?

1. காயங்கள் மறைவதில்லை. உயிர்த்த இயேசு, நம்ப மறுத்த சீடர் தோமாவிடம் தன் காயங்களைத்தான் காட்டுகிறார். நடந்தது நடக்கவில்லை என்று ஆகிவிடாது. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு, இலங்கையில் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் மூன்றிலும், கொழும்பு ஹோட்டல்களிலும் குண்டு வெடித்து 260-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சீயோனில் இறந்தவர்களில் பலர் சிறுவர்கள். கட்டுவாப்பிட்டியில் ஆலயத்தைப் பழுதுபார்த்துத் திறந்தபோதும், இரத்தம் தெறித்த உயிர்த்த கிறிஸ்துவின் சொரூபத்தைக் கழுவவில்லை, கண்ணாடிக்குள் வைத்துவிட்டார்கள். உயிர்ப்பு என்றால் 'எல்லாம் சரியாகிவிட்டது' என்று அர்த்தம் பண்ணுகிற பிரசங்கங்களை விட அந்த முடிவு நற்செய்திக்கு நெருக்கமானது.

2. கொண்டாட்டம் ஐம்பது நாள். ஈஸ்டர் முதல் பெந்தெகொஸ்தே திருநாள் வரை ஒரே பெருவிழா. தவக்காலத்தின் நாற்பது நாளை நம்மவர்கள் கறி தவிர்த்து, பூ தவிர்த்து, காவி உடுத்திக்கூட அனுசரிக்கிறார்கள். ஐம்பது நாளோ ஞாயிறு மதியம் பிரியாணியோடு முடிந்துவிடுகிறது. திங்கட்கிழமை யாருக்கும் நினைவில்லை. துக்கத்துக்கு ஒழுங்கு தெரிந்த அளவுக்கு சந்தோஷத்துக்குத் தெரியவில்லை.

3. இறந்த உடலை என்ன செய்வது. உடலும் எழும் என்றால் பிணம் வெறும் கழிவு அல்ல, அடக்கம் செய்யும் வழக்கத்துக்கு வேர் அங்கேதான். அதற்காக எரித்தால் கடவுளால் எழுப்ப முடியாது என்று அர்த்தமில்லை. கத்தோலிக்கத் திருச்சபை 1963-ல் தகனத்துக்கு இருந்த தடையை நீக்கியது, நம்பிக்கையை மறுப்பதற்காக அதைத் தேர்ந்தெடுக்காத வரையில். 2016-ல் வத்திக்கான் மறுபடி தெளிவுபடுத்தியது: சாம்பலைக் கடலிலோ காற்றிலோ தூவக்கூடாது, பங்குபோடக்கூடாது, நகையில் பதிக்கக்கூடாது, கல்லறை போன்ற புனித இடத்தில் வைக்கவேண்டும். 2023-ல் ஒரு சிறு பகுதியை மட்டும் இறந்தவருக்கு முக்கியமான ஓர் இடத்தில் வைத்துக்கொள்ள அனுமதிக்கலாம் என்று சற்றுத் தளர்த்தியது. கல்லறைத் தோட்டங்களில் இடநெருக்கடி வந்துவிட்ட நம் நகரங்களில், இந்தக் கேள்வி ஈஸ்டர் பிரசங்கத்தை விடச் சீக்கிரமாகவே வீடுகளுக்கு வந்து சேரும்.